இரண்டு மணிப் பாடம்

மேடம், குட்டி நன்றாகச் சாப்பிடுகிறது. காலையில் அரைக் கிண்ணம், சாயங்காலம் அரைக் கிண்ணம், நடுவில் இரண்டு பிஸ்கட். பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்க வேண்டாம், மொறுமொறுவென்று இருந்தால்தான் மதிக்கும். இடது காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்ளும். நாளை காலை பத்து மணிக்குக் குட்டியை உங்கள் நாய்க் காப்பகத்தில் ஒப்படைக்கும்போது இந்தக் கடிதத்தையும் கொடுப்பேன். பத்தரைக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது. நின்று பேச நேரம் இருக்காது என்பதால்தான் எழுதிவிடுகிறேன்.

நேற்று போனில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "ஏழு மாசம் ஆச்சு, இன்னும் வீட்டுக்குள்ளயே ஒண்ணுக்குப் போகுதா? யாரும் பழக்கவே இல்லையா?" என்றீர்கள். மற்ற எதைச் சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தை நாள் முழுக்க என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். பத்தொன்பது வருடமாக இதே தொழில். என் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. சந்து முனையில் கார் நிற்கும்போது, தானே நிறுத்தியதாக மாணவர் நினைத்துக்கொள்வார். நிறுத்தியது நான். அதை நான் சொல்வதில்லை, சொன்னால் அவருக்குத் தைரியம் போய்விடும். சத்தம் போடக் கூடாது, முகத்தில் எரிச்சலைக் காட்டக் கூடாது, காலை மட்டும் தயாராக வைத்திருக்க வேண்டும். இந்த முறையில் எழுபது வயதுப் பாட்டிகூட என்னிடம் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கிவிட்டார். அப்படிப்பட்டவனிடம் ஒரு நாய்க்குட்டியைப் பழக்கத் தெரியவில்லையா என்று கேட்டால் கோபம் வராதா, சொல்லுங்கள். அந்தக் குட்டிக்கு நான் என்ன பழக்கினேனோ அதைத்தான் அது இம்மியளவும் பிசகாமல் செய்துகொண்டிருக்கிறது.

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குட்டியைத் தேர்ந்தெடுத்த அன்று சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தவர்தான். முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஒரு விபத்து இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஓய்வுபெற்ற அன்று கம்பெனியில் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் மாமியார் காலமானதும் அந்தக் கடிகாரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் முன்னறைக்குத்தான் இரண்டு ஜன்னல். அதுவரை அது என் அறை. சாலைக் குறியீட்டுப் பலகைகள், மேஜைமேல் சந்திப்பு வரைந்த அட்டை, அதில் நகர்த்திக் காட்டுவதற்குப் பொம்மைக் கார்கள் எல்லாம் அங்கே இருந்தன. அப்பாவுக்கு வெளிச்சம் வேண்டும் என்றாள் என் மனைவி. நானும் சரி என்றேன். பலகைகள் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்து நடைவழிக்குப் போயின. ஈரத்தில் வட்டச் சந்திப்புப் பலகை உப்பிப்போனது. அதற்காக நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் காரை ஓட்டும்போது மாமா பக்கத்தில் உட்கார்ந்தால், அவருடைய வலது கால், அங்கிருக்கும் பிரேக்கைத் தொடாமல், வெறும் தரையைப் பிரேக் மாதிரி அழுத்தும். சிக்னலுக்கு ஐம்பது அடி முன்னாலேயே அழுத்தும். அவர் வாயைத் திறக்க மாட்டார். வாய் பேசினால் பதில் சொல்லலாம், காலுக்கு என்ன பதில் சொல்வது? ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அவரைப் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போனேன். ஓட்டியது என் மாணவி, ஒரு வங்கியில் வேலை பார்க்கும் பெண். இறங்கும்போது அவள் திரும்பி, "நான் சரியா ஓட்டுனேனாய்யா?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, அவரிடம் கேட்டாள். "நல்லா ஓட்டுனீங்கம்மா. சொல்லிக் குடுக்குறவரு அப்படி" என்றார் மாமா. அதில் இருந்த நக்கல் அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

நாய்க்குட்டி வாங்கலாம் என்ற யோசனை என் மனைவியுடையது. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அப்பா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஒரு துணை வேண்டும் என்றாள். உங்கள் இடத்துக்கு வந்தோம். ஓரக் கூண்டில் பழுப்பும் வெள்ளையுமாக இது இருந்தது. இரண்டு வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்தது என்றீர்கள். முதல் வீட்டில் சோபாவைக் கடித்துவிட்டதாம், இரண்டாவது வீட்டில் கம்பளத்தை நனைத்துவிட்டதாம். மூன்றாவது முறையும் திரும்பி வந்தால் அதன்பிறகு யாருக்கும் காட்டுவதில்லை, பின்பக்கக் கொட்டகைதான், கடைசிவரை அங்கேதான் என்று உங்கள் விதியைச் சொன்னீர்கள். மாமா அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். அவருக்கு ஒரு காது கேட்காது. "கொட்டகைன்னா வெளிய விடுவீங்களாம்மா?" என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு தடவை, முற்றத்தில், சங்கிலியோடு என்றீர்கள். மாமா குட்டியை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டார். வழியெல்லாம் "தொரைக்கு ஜன்னல் வேணுமா? தொரைக்குக் குளிருதா?" என்று அதனோடு பேசிக்கொண்டே வந்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் துரை.

பழக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். ஒரு அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். எழுந்ததும், சாப்பிட்டுப் பதினைந்து நிமிடத்தில், விளையாடி முடித்ததும், தூங்கி எழுந்ததும் என்று நேரத்துக்கு நேரம் கொல்லைக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரே இடம், ஒரே சொல். மாணவர்களை வண்டி எடுக்கச் சொல்லும்போது நான் "ஆகட்டும்" என்பேன். குட்டிக்கும் அதையே வைத்தேன். அது குந்தியதும் மெதுவாக "ஆகட்டும்", முடித்ததும் ஒரு துண்டு பிஸ்கட், இரண்டு தட்டு. வீட்டுக்குள் போய்விட்டால் திட்டுவது இல்லை, அடிப்பது இல்லை, துடைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். ஒன்பதாவது நாள் அது கதவருகே போய் நின்று முனகியது. ஒன்பதே நாள், மேடம். இதை உங்கள் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் அது போய் நின்றது மாமா அறையின் கதவு. நான் பகலில் வகுப்பில் இருப்பேன், எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டவர் அவர். அவ்வளவுதான் அவர் செய்தது. ஒருநாள் என் மனைவி கூட வேலை பார்ப்பவளிடம் போனில், "எங்கப்பாதான் பழக்கினாரு, ஒன்பதே நாள்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போது அட்டவணைக்கு எதிரே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்று நினைக்காதீர்கள். வேலை செய்தவன் ஒருவன், பேர் வாங்கியவன் இன்னொருவன் என்றால் யாருக்கும் ஒரு எரிச்சல் இருக்கும்.

மூன்றாவது மாதம் ஒருநாள் நல்ல மழை. வகுப்பு ரத்தாகி மதியம் வீட்டுக்கு வந்தேன். மாமா மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை தூங்குவார். கேட்காத காதை மேலே வைத்து, கேட்கும் காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டிப் படுப்பார். இடி விழுந்தாலும் தெரியாது. அன்று நிஜமாகவே இடி விழுந்தது. பயந்துபோன குட்டி அவர் கட்டிலில் தாவி ஏறி, இடுப்புப் பக்கம் ஒண்டிக்கொண்டு, அங்கேயே ஒன்றுக்குப் போய்விட்டது. நான் வாசலில் நின்று பார்த்தேன். விரட்டப் போனபோது வெளிக்கதவு திறந்தது. என் மனைவிக்கு அன்று அரைநாள் வேலை. சத்தம் கேட்டுக் குட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அவள் அப்பாவை எழுப்ப வந்தாள், விரிப்பைப் பார்த்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்து, கையால் தடவிப் பார்த்து, ஈரமான கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கத்துல தெரியல போலம்மா" என்றார். காதுவரை சிவந்துவிட்டது. "விடுங்கப்பா, வயசானா ஆகுறதுதானே" என்று அவள் விரிப்பை உருவிக்கொண்டு போனாள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் கடைக்குப் போகும்போது மாமா முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சிக்னல் வந்தது. அவர் கால் அசையவில்லை. வீடு திரும்பும்வரை ஒரு தடவைகூட அசையவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான்கு வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாகக் கார் ஓட்டினேன் என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடம். ஓட்டத் தெரியாதவரை ஒரேயடியாகப் போக்குவரத்துக்குள் இறக்கிவிடுவதில்லை. முதலில் காலி மைதானம், பிறகு சந்து, அப்புறம்தான் மெயின் ரோடு. குட்டிக்கும் அதேதான். மழை என்பதால் அன்று துவைக்காமல் கூடையில் போட்டிருந்த அந்த நனைந்த விரிப்பிலிருந்து ஒரு முழம் கிழித்து வைத்துக்கொண்டேன். நாய்க்கு மூக்குதான் வழிகாட்டி. நடைவழியில், மெஷினுக்குப் பக்கத்தில், அந்தத் துண்டை விரித்து "ஆகட்டும்" என்று பழக்கினேன். அது பிடிபட்டதும், மாமா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நாளில் காலிக் கட்டிலின் ஓரத்தில் வைத்துப் பழக்கினேன். கடைசியில் மாமா படுத்திருக்கும்போது, துண்டு இல்லாமல். குட்டி முதலில் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தது. நான் வாசலில் நின்று, உதடு மட்டும் அசைய, "ஆகட்டும்" என்றேன். ஆறு நாளில் வந்துவிட்டது. கெட்டிக்காரக் குட்டி.

அதற்காக மதியம் ஒன்றிலிருந்து நாலு வரை வகுப்பு வைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டேன். பாடத்தை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வைத்ததில்லை. தினமும் என்றால் டாக்டர் வேறு கோணத்தில் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். மற்ற நாட்களில் குட்டி ஒழுங்காகக் கொல்லைக்குத்தான் போகும். அப்படி இரண்டு பழக்கத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாமல் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை.

மாமா காலை பத்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். உதடு வெடித்தது. அப்படியும் கட்டில் நனைந்தது. பிறகு மதியம் தூங்காமல் இருக்க நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து பார்த்தார். எழுபத்துநாலு வயது உடம்பு, எத்தனை நாள் கேட்கும்? ஒருநாள் நான் வீட்டுக்குள் வந்தபோது இஸ்திரிப்பெட்டி வாசம் அடித்தது. விரிப்பைக் குளியலறையில் அவரே கையால் அலசி, மகள் வருவதற்குள் இஸ்திரி போட்டுக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். "அவளுக்குத் தெரிய வேணாம் மாப்பிள்ளை" என்றார். தெரியாது மாமா, நான் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை. ஆனால் அவர் இப்படி மறைக்க ஆரம்பித்தால் பாடம் நடத்தியே பிரயோஜனம் இல்லை என்பதால், அதன்பிறகு அவளுக்கு அரைநாள் வேலை உள்ள நாட்களாகப் பார்த்து வைத்துக்கொண்டேன்.

என் மனைவி சும்மா இருக்கவில்லை. தன் நிலையத்திலேயே அவருக்குச் சிறுநீர், சர்க்கரை, சிறுநீரகம் என்று எல்லாப் பரிசோதனையும் செய்தாள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அதற்கே அவள் அழுதாள், ஏனென்றால் டாக்டர், உடம்பில் கோளாறு இல்லை என்றால் அப்போது மனசிலோ மூளையிலோதான் என்று சொல்லிவிட்டார். நாள் முழுக்கக் குப்பிகளோடு புழங்குகிறவள், அப்பாவிடமிருந்து எதையெல்லாம் எடுக்க முடியுமோ எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்தாள். விரிப்பை மட்டும் உடனே மெஷினில் போட்டுவிடுவாள்.

பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வந்தாள். அவர் அதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. டயப்பர் போட்ட நாட்களில் குட்டிக்கு விடுமுறை. உள்ளே டயப்பர் காய்ந்திருக்க வெளியே விரிப்பு நனையாது என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஒரு வாரம் பார்த்தார்கள், டயப்பர் காய்ந்தே இருந்தது. மாமாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. "சரியாயிடுச்சும்மா, உடம்பு தேறிடுச்சு" என்று கழற்றிவிட்டார். அன்று ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்தார், நான் பார்த்தேன். மறுநாள் மதியம் கட்டில் நனைந்திருந்தது.

என் மனைவி பொறுமைசாலி. ஆனால் அவளும் மனுஷிதானே. டயப்பர் போட்டால் காய்ந்திருக்கிறது, கழற்றினால் நனைகிறது, அப்போது இதற்கு என்ன அர்த்தம் என்று அவள் கணக்குப் போட்டாள். விரிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கட்டில் பக்கத்தில் நின்று கேட்டாள்.

"அப்பா, வேணும்னே பண்றீங்களா?"

அவர் சுவரோரம் படுத்திருந்த குட்டியைப் பார்த்தார். அதைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டார். நானும் அறைக்குள்தான் இருந்தேன்.

"நான்தாம்மா. எனக்குக் கட்டுப்பாடு இல்ல. இனிமே இது சரி வராது. என்னை எங்கயாவது சேத்துடு" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் முதியோர் இல்லம் என்ற பேச்சை எடுப்பதற்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று நினைத்திருந்தேன். அவராகவே கேட்டுவிட்டார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, தெரியாமக் கேட்டுட்டேன்ப்பா, கோபத்துல வந்துடுச்சு என்று கெஞ்சினாள். அவர் மசியவில்லை. பத்து நாளில் ஒரு நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்தோம். கடிகாரத்தை நான்தான் சுமந்துகொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். கிளம்பும் நாள் குட்டியைக் கடைசியாகக் கொல்லைக்கு அவரே கூட்டிப்போனார். வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தார். நான் ஹாரன் அடிக்காமல் காரில் காத்திருந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

அறை மறுபடி என் கைக்கு வந்தது. புதிய மெத்தை வாங்கி அதே கட்டிலில் போட்டேன். பலகைகளைத் துடைத்து மாட்டினேன். முதல் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தேன். இரண்டு மணிக்கு இடுப்புப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. குட்டி வாலை ஆட்டிக்கொண்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பிஸ்கட்டுக்காக.

பழக்கியதை மறக்கடிப்பது பழக்குவதைவிடக் கஷ்டம் என்பது என் மாணவர்களைப் பார்த்தே எனக்குத் தெரியும். ஆனாலும் முயன்றேன். கட்டிலின் இடத்தை மாற்றினேன், வினிகர் போட்டுக் கழுவினேன், கதவைச் சாத்தினேன். சாத்திய கதவை இரண்டு மணிக்குப் பிராண்ட ஆரம்பித்தது. நான் இல்லாத நேரமாகப் பார்த்து என் மேஜைக்கு அடியில் போனது, சந்திப்பு அட்டைமேல் போனது. என் மனைவி, அப்பா இருந்தவரைக்கும் ஒழுங்காக இருந்தது, அவர் போன ஏக்கத்தில்தான் இப்படிச் செய்கிறது என்றாள். அப்பாவையும் அனுப்பிவிட்டேன், அவர் நாயையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று சமையலறையில் நின்று அழுதாள். அவள் அழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்குப் போன் செய்தேன்.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததையும் சொன்னால்தான் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்வீர்கள்.

மாற்றுத் துணி கொடுக்க நான் மட்டும் இல்லத்துக்குப் போனேன். ஐயா ஒருநாள்கூட விரிப்பை நனைத்ததில்லை, நிறையத் தண்ணீர் குடிக்கிறார் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். மாமா என்னை முற்றத்து பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். மெலிந்திருந்தார், ஆனால் உதடு ஆறியிருந்தது.

"தொரை எப்படி இருக்கான்?" என்றார்.

நன்றாக இருக்கிறான் என்றேன்.

"இன்னும் கட்டில் மேல போறானா?"

நான் துணிப்பையைப் பெஞ்சில் வைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவ கேட்டா பாருங்க, வேணும்னே பண்றீங்களான்னு, அன்னிக்கு மத்தியானம் நான் தூங்கல மாப்பிள்ளை. கண்ண மூடிட்டுச் சும்மா படுத்திருந்தேன். ஏறி வந்தான். பாத்தேன். அவன்தான். இத்தன நாளும் அவன்தான்."

வேறு யாரையாவது பார்த்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் கதவுக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பார், கேட்கும் காது தலையணையில்தான் இருக்கும். அப்போதே சொல்லியிருக்கலாமே மாமா என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா அவனக் கொண்டுபோய் விட்டுடுவீங்க. அவனுக்கு அது மூணாவது தடவை. அந்தம்மா சொன்னாங்கல்ல, கொட்டகைன்னு. எனக்கு இது முதல் தடவைதானே? நான் சமாளிச்சுக்குவேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். மகளிடம் சொல்லிவிட வேண்டாம், தாங்க மாட்டாள் என்றார். "அவன அடிச்சிடாதீங்க. சின்னப் பிள்ளை, தெரியாமப் பண்ணிட்டான்" என்றார்.

அடிக்காதே என்று என்னிடம் சொன்னது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இந்த ஏழு மாதத்தில் அந்தக் குட்டிமேல் கோபத்தில் என் விரல் நுனி பட்டிருக்குமா? மற்றபடி அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. இத்தனை நாளும் நான்தான் அவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டேனோ என்று எங்கேயோ ஒரு மூலையில் உறுத்தல் இருந்தது. அப்படி இல்லை. அவர் தெரிந்தே, தன் விருப்பத்தோடு போயிருக்கிறார். நான் கட்டிலை நனைக்கப் பழக்கினேன், ஒத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் நான்தான். ஆனால் அவரைப் போகச் சொன்னது நானில்லை. இதை என் மனைவியிடம் சொல்லித் தீர்த்துவிடலாம் என்றால், சொல்லாதே என்று மாமா கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரியவர் பேச்சைத் தட்ட முடியாது. அதனால் நீங்களும் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் விதியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது மூன்றாவது தடவைதான், கொட்டகைதான். விதி என்றால் விதி, சாலையிலும் அப்படித்தான், ஒருவருக்காக மாற்ற முடியாது. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. பதிவேட்டில் 'பழக்கப்படாத நாய்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்னும் ஒரு சின்ன உதவி. பெஞ்சிலிருந்து நான் எழுந்தபோது மாமா, அடுத்த ஞாயிறு தொரையை ஒரு தடவை கூட்டிக்கொண்டு வர முடியுமா, பத்து நிமிடம் போதும் என்று கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கொட்டகையிலிருந்து வெளியே தருவதில்லை என்பது தெரியும். இருந்தாலும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் கொடுத்தால், போய்க் காட்டிவிட்டுக் கொண்டுவந்து கட்டிவிடுவேன். முடிந்தால் சனிக்கிழமையே குளிப்பாட்டி வையுங்கள், கொட்டகை வாசம் அவருக்குத் தெரிந்துவிடும். அந்த வயதில் ஒரு மனிதரை நம்பவைத்து ஏமாற்றுவது என்னால் ஆகாத காரியம்.